பங்குச் சாமியார்களுக்கு வந்த பதின்மூன்று கேள்விகள்

1756-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், போர்ச்சுகல் தேசத்து மேற்றிராணியார்கள் வழியாக அந்நாட்டின் பங்குச் சாமியார்களுக்கு அரசாங்கத்திலிருந்து ஒரு வினாப்பட்டியல் போய்ச் சேர்ந்தது. ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகியவற்றைக் கோயில் ஏட்டில் பதிவு செய்வதைத் தவிர எழுத்துவேலை அதிகம் இல்லாத அந்தக் கிராமத்துக் குருமார்களிடம், பூமி எத்தனை மணிக்கு அதிர்ந்தது, எவ்வளவு நேரம் அதிர்ந்தது, கட்டடங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தனவா, கிணறும் ஊற்றும் ஆறும் என்ன மாறுதல் காட்டின என்றெல்லாம் அதில் கேட்டிருந்தது. கேள்விகள் பதின்மூன்றுதான். ஆயினும், பேரழிவுகளை மனிதர் நிதானமாக ஆராயத் தொடங்கிய சரித்திரத்தை எங்கிருந்து சொல்ல வேண்டும் என்று யாராவது கேட்டால், நான் அந்தப் பதின்மூன்று கேள்விகளிலிருந்துதான் சொல்லத் தொடங்குவேன். பூகம்ப சாஸ்திரம், சமூகவியல், பொருளாதாரம், மனோதத்துவம், உயிரினங்களின் சூழலை ஆராயும் இயல் என்று இன்று வெவ்வேறு துறைகளில் அமர்ந்து, நிலைகுலைவையும் அதிலிருந்து மீண்டெழும் ஆற்றலையும் ஆராய்கின்ற பண்டிதர்கள், ஒருவர் எழுதுவதை மற்றொருவர் படிக்காதவர்களாகவே இருக்கலாம். ஆனால் இடிபாட்டின் நடுவே நின்றவனிடம் போய், அவனுக்கு நேர்ந்ததை ஒழுங்காகக் கேட்டு, எல்லோரிடமும் ஒரே விதமாகக் கேட்டு, எழுதி வைத்துக்கொள்வதென்கிற அந்த ஒரு காரியத்தில் அவர்கள் எல்லோரும் ஒரே பரம்பரையைச் சேர்ந்தவர்களே.

கேள்விகளுக்குக் காரணமான சம்பவம் 1755-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி, சகல புனிதர்களின் திருநாளன்று காலை ஒன்பதரை மணிக்குப் பிறகு நிகழ்ந்தது. ஏறத்தாழ இரண்டு லட்சம் ஜனங்கள் வாழ்ந்த லிஸ்பன் நகரத்தில், கோயில்களெல்லாம் நிரம்பி, பீடங்களில் மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்த வேளையில், பல நிமிஷங்கள் நீடித்த அதிர்ச்சிகளால் கூரைகள் சரிந்து பூஜையிலிருந்தவர்கள் மேல் விழுந்தன. தப்பியவர்கள் திறந்த வெளியை நாடித் தேஜு நதிக்கரைக்கு ஓடினார்கள். ஓடியவர்களைச் சிறிது நேரத்திற்குள் கடலிலிருந்து நதிவழியே ஏறி வந்த பேரலை வாரிக்கொண்டு போயிற்று. வர்த்திகளிலிருந்தும் அடுப்புகளிலிருந்தும் பற்றிய தீ, ஐந்தாறு நாட்கள் அணையாமல் எரிந்தது. மாண்டவர்கள் முப்பதாயிரம் முதல் நாற்பதாயிரம் வரை என்பது பலருடைய மதிப்பு. குறைத்துச் சொல்கிறவர்களும் உண்டு, கூட்டிச் சொல்கிறவர்களும் உண்டு. நதிக்கரையிலிருந்த அரண்மனையோடு எழுபதினாயிரம் புத்தகங்கள் கொண்ட அரசாங்க நூலகமும், டிஷியன், ரூபென்ஸ் முதலியோரின் ஓவியங்களும் சாம்பலாயின. அந்த ஆண்டு வசந்தத்தில்தான் திறந்து வைத்த இசைநாடக மாளிகை ஏறத்தாழ ஏழு மாதங்களே நின்றது. அரசன் முதலாம் ஜோசே குடும்பத்தோடு நகரத்துக்கு வெளியே பெலேமில் இருந்ததால் உயிர் தப்பினான் என்றாலும், அதன்பின் கல்லால் கட்டிய கூரையின் கீழ் உறங்க மனம் துணியாமல், அஜுதா மேட்டில் மரத்தாலான கொட்டகை அரண்மனையிலேயே வாழ்ந்தான்.

அந்தப் பீதி பிடித்த அரசனுக்கு மந்திரியாக இருந்தவர் செபாஸ்தியாவ் ஜோசே தெ கார்வால்யோ. பிற்காலத்தில் பொம்பால் பிரபு என்ற பட்டத்தால் உலகம் அறிந்தவர். இறந்தவர்களை அடக்கம் செய்து உயிரோடிருப்பவர்களுக்கு உணவளிப்பதே அப்போதைய கடமை என்று அவர் அரசனிடம் சொன்னதாக ஒரு வழக்கு உண்டு. அதைச் சொன்னவர் வேறொரு பிரபு என்றும் சரித்திரக்காரர்கள் கருதுகிறார்கள். யார் சொன்னாலும் நடந்த காரியம் அதுவே. கொள்ளைநோய் பரவாதபடி, தலைமைக் குருவின் சம்மதத்தோடு, பிணங்களைப் படகுகளில் ஏற்றிக் கடலில் ஆழ்த்தினார்கள்; தானியத்துக்கு விலை வரம்பு விதித்தார்கள்; திருடர்களைத் தூக்கிலிட நகரத்தின் உயர்ந்த மேடுகளில் தூக்குமரங்கள் நட்டார்கள். லிஸ்பன் பத்திரிகை ஒரு வாரங்கூடத் தவறாமல், நவம்பர் 6-ஆம் தேதியே வெளிவந்தது. நவம்பர் 29-ஆம் தேதி, நகரத்தின் ஒவ்வொரு வட்டத்திலும் எந்தத் தெரு எவ்வளவு அகலம், எந்த மனை யாருக்குச் சொந்தம் என்பதை இடிபாடுகளை அள்ளுவதற்கு முன்பே அளந்து எழுத வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. எல்லை தெரியாமற்போன பிறகு நூறாண்டு வழக்காடுவதற்கு இடம் வையாத இந்த முன்யோசனையை நான் எத்தனை முறை நினைத்தாலும் வியப்பு குறைவதில்லை.

இந்த இடத்தில் ஒரு முதியவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனமில்லை. மனுவேல் தா மாயா என்ற அந்த இராணுவ எஞ்சினியருக்கு அப்போது வயது எழுபத்தெட்டு. இராச்சியத்தின் தலைமை எஞ்சினியர் பதவியோடு, கோட்டைக் கோபுரத்திலிருந்த பழைய அரசாங்க ஆவணச்சாலையின் காவலர் பதவியும் அவரிடம் இருந்தது. கோபுரம் இடிந்து விழுந்தபோது, அந்த வயதில் அவர் முன்னின்று, பல நூற்றாண்டுச் சாசனங்களையும் பத்திரங்களையும் கற்குவியலிலிருந்து மீட்டெடுத்து, ஒரு மரக்கொட்டகை போட்டு அதில் சேர்த்துக் காப்பாற்றினார். காப்பாற்றிய கையோடு, டிசம்பர் 4-ஆம் தேதியன்று, அதாவது பூகம்பம் நடந்து ஐந்து வாரங்கள் முடிவதற்குள், நகரத்தை மறுபடி கட்டுவதைப் பற்றிய தம் ஆராய்ச்சியுரையின் முதற் பகுதியை எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். பழைய நகரத்தை இருந்தபடியே கட்டலாம். தெருக்களை மட்டும் அகலப்படுத்திக் கட்டலாம். அகலப்படுத்துவதோடு வீடுகளின் உயரத்தையும் குறைக்கலாம். தாழ்ந்த பகுதி முழுவதையும் தரைமட்டமாக்கிப் புதிய திட்டப்படி அமைக்கலாம். அல்லது இந்த இடத்தையே கைவிட்டுப் பெலேம் பக்கத்தில் வேறு நகரம் காணலாம் என்று ஐந்து வழிகளை முன்வைத்து, ஒவ்வொன்றின் நன்மை தீமைகளையும் எடைபோட்டார். கண்முன்னே இன்னும் புழுதி அடங்காத ஒரு நகரத்தில் உட்கார்ந்து, தமக்கு ஒரு வழி பிடித்திருக்கிறது என்பதற்காக மற்ற நான்கையும் மறைக்காமல் எழுதிய அந்தக் கிழவரின் நேர்மையை, ஆராய்ச்சி என்ற சொல்லுக்குத் தகுதியான முதல் அடையாளமாகவே நான் கருதுகிறேன்.

இனி வினாப்பட்டியலுக்கு வருகிறேன். இவ்விதம் கேட்டது போர்ச்சுகல்தான் முதன்முதலில் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது; அது முற்றும் சரியன்று. அண்டை நாடான ஸ்பெயினில் அரசன் ஆறாம் பெர்தினாந்து, அதிர்ச்சி நடந்த ஒரு வாரத்தில், நவம்பர் 8-ஆம் தேதியே, எட்டுக் கேள்விகளைத் தன் நகரங்களுக்கும் ஊர்களுக்கும் அனுப்பச் செய்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களிலிருந்து பதில் பெற்றான். முந்தியவர் என்ற பெருமை ஸ்பெயினுக்கே உரியது. ஆயினும் கேள்விகளின் ஆழத்தில் போர்ச்சுகல் ஒரு படி மேலே நின்றது.

கடல் முதலில் உள்வாங்கியதா, அல்லது முதலில் பொங்கியதா, பொங்கியது வழக்கமான மட்டத்துக்கு மேல் எத்தனை சாண், எத்தனை முறை ஏறி இறங்கிற்று என்று ஒரு கேள்வி. கரையோரத்து மீனவனும் கண்ணால் கண்டு சொல்லக்கூடிய இந்தச் சங்கதி, கடலடித் தரை எங்கே உயர்ந்தது, எங்கே தாழ்ந்தது என்பதை இன்றைய விஞ்ஞானி ஊகிப்பதற்கு வேண்டிய முதல் ஆதாரமாகும். நிலம் பிளந்ததா, பிளவிலிருந்து ஏதேனும் வெளிவந்ததா என்று ஒன்று. முதல் அதிர்ச்சிக்குப் பிறகு இன்றுவரை எத்தனை அதிர்ச்சிகள், அவற்றால் என்ன சேதம் என்று ஒன்று. இதற்கு முன் நேர்ந்த பூகம்பங்களைப் பற்றி ஊரில் ஏதாவது நினைவு இருக்கிறதா என்று ஒன்று. 1531-இல் அதே லிஸ்பன் ஒரு பெரும் பூகம்பத்தைக் கண்டிருந்ததால் இக்கேள்வி வீண்போகக் கூடியதன்று. இடிந்த வீடுகள், இறந்த மனிதர்கள், பங்கில் இப்போதுள்ள ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை, உணவுக்குத் தட்டுப்பாடு உண்டா, தீப்பிடித்ததா, பிடித்திருந்தால் எத்தனை நாள் எரிந்தது என்று இவ்வாறாகப் பட்டியல் செல்கிறது. இவற்றுள் ஒரு கேள்வியிலாவது, இது எவருடைய பாவத்தால் வந்தது என்று கேட்கவில்லை.

இது எவ்வளவு பெரிய மௌனம் என்பதை உணர, அக்காலத்துப் பிரசங்க மேடைகளை நினைத்துப் பார்க்க வேண்டும். மலக்ரிதா என்ற சேசு சபைக் குரு, பூகம்பத்தின் உண்மையான காரணத்தைக் கூறுவதாக 1756-இல் ஒரு சிறு நூல் வெளியிட்டு, இயற்கைக் காரணம் பேசுவதே தெய்வ நிந்தனை என்றும், ஜனங்கள் கொட்டகை கட்டுவதை விட்டுத் தவத்தில் இறங்க வேண்டும் என்றும் போதித்தார். அவரும் ஜனங்கள்பால் அன்பில்லாதவர் அல்லர்; பிரேசில் காடுகளில் நீண்ட காலம் ஊழியம் செய்தவர். ஆனால், குற்றவாளி யார் என்ற கேள்வி ஒரு முறை எழுந்துவிட்டால் எந்தச் சிறுபான்மையினர் தலையில் அது விடியும் என்பதை அந்நாடு முன்பே கண்டிருந்தது. 1531-ஆம் ஆண்டுப் பூகம்பத்தின்போது, சாந்தரேம் நகரத்துத் துறவிகள் இவ்வாறே பயமுறுத்திப் பிரசங்கித்ததையும், யூத வழிவந்த புதுக் கிறிஸ்தவர்கள் அஞ்சி நடுங்கியதையும் கண்ட நாடகாசிரியர் ஜில் விசென்தே, அந்தத் துறவிகளைக் கூட்டிக் கண்டித்து, அரசனுக்கும் அதைக் கடிதமாக எழுதினார். அவர் வாயால் செய்த காரியத்தை, இருநூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் ஒரு வினாப்பட்டியல், சொல்லாமலே செய்து முடித்தது.

ஐரோப்பாவின் தத்துவ ஞானிகளும் சும்மா இருக்கவில்லை. நிகழ்வதெல்லாம் நன்மைக்கே என்ற சித்தாந்தத்தை வால்தேர் தம் லிஸ்பன் கவிதையால் தாக்கினார். அதற்கு மறுமொழியாக 1756 ஆகஸ்டில் ரூஸோ எழுதிய கடிதத்தில், ஆறேழு மாடி உயரமுள்ள வீடுகளை ஆயிரக்கணக்கில் ஓரிடத்தில் நெருக்கிக் கட்டியது இயற்கை அன்று, மனிதனே என்று எடுத்துக் காட்டினார். பேரழிவின் பாதி மனிதன் வாழும் முறையிலிருந்தே பிறக்கிறது என்று இன்றைய சமூகவியலார் பல நூல்களால் நிலைநாட்டுகிற உண்மை, அந்த ஒரு வாக்கியத்தில் விதையாகக் கிடக்கிறது. கோனிக்ஸ்பெர்க்கில் முப்பத்தொரு வயது இளைஞராக இருந்த இம்மானுவேல் கான்ட், லிஸ்பனைக் கண்ணால் காணாமலே, வந்த செய்திகளையெல்லாம் திரட்டி 1756-இன் தொடக்கத்தில் மூன்று கட்டுரைகள் எழுதினார். பூமிக்குள் குகைகள் உள்ளன, அவற்றில் ஆவிகள் பற்றி எரிகின்றன என்ற அவருடைய விளக்கம் பிழையானது. ஆனால், பூமி மனிதனுடைய வசதிக்கென்றே படைக்கப்பட்டதாக எண்ணுவது அகந்தை என்றும், அதிரும் நிலத்தில் எப்படிக் கட்ட வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்வதே மனிதன் செய்யத்தக்கது என்றும் அவர் கண்ட முடிவு பிழையன்று.

கட்டும் முறையை லிஸ்பன் கற்றுக்கொண்டது. மனுவேல் தா மாயா கூறிய ஐந்து வழிகளில் நான்காவது ஏற்கப்பட்டு, எவுஜேனியோ தோஸ் சாந்தோஸ், கார்லோஸ் மார்தேல் என்ற இருவருடைய வரைபடங்களின்படி, நேரான அகன்ற தெருக்கள் எழுந்தன. நீர் ஊறும் மண்ணில் பைன் மரக் கம்பங்களை இறக்கி அவற்றின் மேல் அடித்தளம் போட்டார்கள். ஒவ்வொரு வீட்டின் உள்ளேயும் நேர்மரங்களும் குறுக்குச் சட்டங்களும் கூடிய மரக்கூண்டு ஒன்றைப் பொருத்தி, அதன் கட்டங்களைக் கல்லாலும் காரையாலும் நிரப்பினார்கள். சுவர் உதிர்ந்தாலும் கூண்டு வளைந்து நின்று உள்ளிருப்பவரைக் காக்கும் என்பது கருத்து. மாதிரிக் கட்டடத்தைச் சுற்றிப் படைவீரர்களை அடியதிர நடக்கச் செய்து அதன் உறுதியைச் சோதித்தார்கள் என்று லிஸ்பன்வாசிகள் இன்றும் சொல்வார்கள். வீட்டுக்கு வீடு தீ தாவாதபடி கூரைக்கு மேலும் உயர்ந்த தடுப்புச் சுவர்கள் எழுந்தன. கதவு, சன்னல், படிக்கல் எல்லாம் ஒரே அளவாக வேறிடத்தில் செய்து கொண்டுவந்து பொருத்தப்பட்டதால் வேலை விரைந்தது.

இத்தனையையும் புகழ்ந்த பிறகு, இதன் மறுபக்கத்தைச் சொல்லாமல் விடுவது சரித்திரத்துக்குச் செய்யும் துரோகம். வர்த்தகர்கள் இறக்குமதிச் சரக்கின் மேல் நூற்றுக்கு நான்கு வீதம் தாமே முன்வந்து தந்த நிதியோடு, பிரேசில் நாட்டு ஊர்களிலிருந்து பல்லாண்டு வசூலித்த காணிக்கையும் இந்த நகரத்தைக் கட்டியது. பிரேசிலின் பொன்னை வெட்டியெடுத்தவர்களோ ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவந்த அடிமைகள். ஒரு நகரம் மீண்டெழுந்தது என்று சொல்லும்போது அந்தப் பாரம் யாருடைய முதுகின் மேல் ஏறிற்று என்பதையும் கேட்க வேண்டும். கார்வால்யோவும், நிலைகுலைந்த காலத்தில் கைக்கு வந்த அதிகாரத்தை நிலைபெற்ற காலத்தில் திருப்பித் தரவில்லை. 1759-இல் சேசு சபையார் நாடு கடத்தப்பட்டனர். எழுபது வயதைக் கடந்து சித்தம் கலங்கியிருந்த மலக்ரிதா, 1761 செப்டம்பரில் சமய நீதிமன்றத்தின் தீர்ப்பால் கொல்லப்பட்டுப் பொது இடத்தில் எரிக்கப்பட்டார். இயற்கைக் காரணத்தை மறுத்தவரையும் எரிக்க வேண்டியதில்லை என்பதை அந்த மந்திரியின் அறிவு அறியவில்லை.

வினாப்பட்டியலிலும் ஒரு குறை உண்டு. குருமார்கள் என்ன பரிகாரம் செய்தார்கள், படையினர் என்ன செய்தார்கள், அரசாங்க அதிகாரிகள் என்ன செய்தார்கள் என்று ஒரு கேள்வி இருந்ததேயன்றி, அண்டை வீட்டுக்காரன் என்ன செய்தான் என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை. ஆனால் 1758-இல், லூயிஸ் கர்தோசு என்ற குரு தேசத்தின் பூகோள அகராதி ஒன்று தொகுப்பதற்காக மறுபடியும் பங்குகளுக்குக் கேள்விகள் போனபோது, ஊர், மலை, ஆறு ஆகியவற்றைப் பற்றிய அறுபது கேள்விகளுக்கு நடுவே ஒன்று, 1755-ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் ஊருக்கு ஏதேனும் சேதம் உண்டா, எதில், அது இப்போது செப்பனிடப்பட்டுவிட்டதா என்று கேட்டது. முதல் பட்டியல் விழுந்ததை விசாரித்தது. இரண்டாவது பட்டியல் எழுந்ததா என்று விசாரித்தது. மீண்டெழும் ஆற்றலைப் பற்றிய இன்றைய ஆராய்ச்சிகள் யாவும் அந்தக் கடைசித் துணைக்கேள்வியின் விரிவுரைகள் என்று சொன்னாலும் மிகையாகாது. இரண்டாவது விசாரணையின் பதில்கள் நாற்பத்து நான்கு தொகுதிகளாகவும், முதலாவதின் பதில்களில் எஞ்சிய பகுதியும், லிஸ்பன் ஆவணச்சாலையில் இருக்கின்றன. 1919 முதல் புவியியலார் பெரெய்ரா தெ சௌசா வெளியிட்ட விரிவான ஆராய்ச்சி, அந்தச் சாமியார்களின் வாக்குமூலங்களையே ஆதாரமாகக் கொண்டு, எங்கே எவ்வளவு கடுமையாகப் பூமி அதிர்ந்தது என்பதைத் தேசப்படத்தில் வரைந்து காட்டியது.

பூகம்ப சாஸ்திரத்தின் பிற்காலக் கதையை இங்கே விரைந்து கடந்து செல்லலாம். லிஸ்பன் செய்திகளைக் கொண்டே கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜான் மிச்செல் 1760-இல், அதிர்ச்சி பூமியினூடே அலையாகப் பரவுகிறது என்ற கொள்கையை எழுதினார். 1857-இல் நேப்பிள்ஸ் இராச்சியத்தில் நேர்ந்த பூகம்பத்தின் பின் ராபர்ட் மாலெட் என்ற அயர்லாந்து எஞ்சினியர் ஊர் ஊராகச் சென்று, விரிசல்களும் விழுந்த தூண்களும் எந்தத் திசையைக் காட்டுகின்றன என்று அளந்தார். சுவர் எந்தப் பக்கம் விழுந்தது என்று போர்ச்சுகல் சாமியார்களிடம் கேட்ட அதே கேள்விதான். ஜப்பானில் பேராசிரியராயிருந்த ஜான் மில்ன், தோக்கியோவைச் சுற்றியுள்ள ஊர்களுக்குக் கட்டுக்கட்டாக அஞ்சல் அட்டைகளை அனுப்பி, வாரத்துக்கு ஒன்றாக அதிர்ச்சிகளை எழுதி அனுப்பச் சொன்னார். 1880-இல் உலகின் முதல் பூகம்ப ஆராய்ச்சிச் சங்கம் அங்கே தோன்றியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ஓல்தாம், 1897 ஜூன் 12-ஆம் தேதி அஸ்ஸாமைக் குலுக்கிய பூகம்பத்தை ஆராய்ந்து, அதன் தொடர்ச்சியாக அலைகளை வகை பிரித்தறிந்து, 1906-இல் பூமிக்கு ஒரு கரு உண்டென்பதற்கே சான்று காட்டினார்.

அண்டை வீட்டுக்காரனைப் பற்றிய கேள்வியைக் கேட்பதற்கு வேறொரு சாமியார் வரவேண்டியிருந்தது. 1917 டிசம்பர் 6-ஆம் தேதி காலை, கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில், வெடிமருந்து நிறைந்த மோன் பிளான் என்ற பிரெஞ்சுக் கப்பல் மற்றொரு கப்பலோடு மோதித் தீப்பற்றி வெடித்ததில், நகரத்தின் வடபாகம் அழிந்து, ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் மாண்டனர். மறுநாளே கடும் பனிப்புயல் வீசி, வீடிழந்தவர்களை மேலும் வதைத்தது. அந்நகரத்துத் தூய பவுல் ஆலயத்தில் உதவிக் குருவாயிருந்த சாமுவேல் ஹென்றி பிரின்ஸ், நிவாரணப் பணியின் நடுவே தாம் கண்டதையும் கேட்டதையும் திரட்டி, கொலம்பியா சர்வகலாசாலையில் 1920-இல் ஓர் ஆராய்ச்சி நூலாகச் சமர்ப்பித்தார். பேரழிவைப் பற்றிய சமூகவியலுக்கு அதுவே முதல் நூல். மாதா கோயிலையும் படையையும் அதிகாரிகளையும் அவர் விடவில்லை. ஆனால் அதற்கு முன்பாக, சிதறிய ஜனங்கள் தாமாகவே யார் பின்னால் திரண்டார்கள் என்று கேட்டார். அன்று நகரத்தில் முதலில் ஒழுங்காக நிவாரணம் தொடங்கியவர்கள் எந்தக் காரியாலயத்தாரும் அல்லர், அங்கே நாடகம் நடத்தவந்து தங்கியிருந்த ஒரு நடிகர் குழுவினர் என்பதை அவர் பதிவு செய்திருக்கிறார். சொந்தக் குடும்பத்தைத் தேடி ஓட வேண்டிய நிலையில்லாதவர்களுக்கே முதல் மணி நேரங்களில் பிறரை நோக்கக் கை ஒழிந்திருந்தது. பேரழிவு சமூகத்தை உருக்கி வார்க்கத்தக்க நிலைக்குக் கொண்டுவரும், ஆனால் வார்ப்பு நல்லதாகவே அமையும் என்பதற்கு உறுதியில்லை என்பதும் அவருடைய முடிவு. லிஸ்பனின் கூண்டு வீடுகளையும் மலக்ரிதாவின் சிதையையும் ஒருசேர நினைப்பவர்களுக்கு அந்த முடிவில் ஐயம் எழாது.

இந்தக் கேள்விகள் பிறகு பூமியையும் கட்டடங்களையும் விட்டுத் தனி மனிதனின் வாழ்க்கைக்குள்ளும் சென்றன. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயியில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை, எம்மி வெர்னர் என்ற மனோதத்துவ அறிஞரும் அவருடைய துணைவர்களும் பிறப்பு முதல் நடுவயது வரை தொடர்ந்து விசாரித்தார்கள். வறுமையிலும் குடிகாரப் பெற்றோரிடத்திலும் வளர்ந்து, கெட்டுப்போவதற்கே எல்லாக் காரணங்களும் கூடியிருந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர், அன்பும் திறமையும் உடைய மனிதர்களாக வளர்ந்திருந்தார்கள். பாட்டியோ, உடன்பிறந்தவரோ, ஆசிரியரோ, யாரேனும் ஒருவருடைய மாறாத அன்பு அவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்திருந்தது. கனடாவின் காடுகளில் புழுக்களால் மரங்கள் அழிவதையும் மீள்வதையும் எண்ணிப் பார்த்த ஹோலிங் என்ற உயிரியலார், பழைய நிலைக்கு அப்படியே திரும்புவது வேறு, மாறிக்கொண்டே அழியாதிருப்பது வேறு என்று 1973-இல் பகுத்துரைத்தார்.

ஆனால் நம் நாட்டவருக்கு நெஞ்சில் தைப்பது வங்காளத்தின் விசாரணையே. 1943-ஆம் ஆண்டுப் பஞ்சத்தைப் பற்றி அரசாங்கம் நியமித்த விசாரணைக் குழு, பதினைந்து லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று 1945-இல் கூறி, தானியக் குறைவையே தலையாய காரணமாகக் காட்டியது. அதே சமயத்தில் மகலாநோபிஸ் தலைமையில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தார் வங்காளத்துச் சிற்றூர்களுக்குச் சென்று, பல ஆயிரம் குடும்பங்களிடம், பஞ்சத்துக்கு முன் உன் தொழில் என்ன, நிலம் எவ்வளவு, மாடு எத்தனை, இப்போது என்ன இருக்கிறது என்று ஒரே வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். செத்தவர்கள் எத்தனை பேர் என்பதோடு நில்லாமல், எந்தத் தொழில் செய்தவன் விழுந்தான், எவன் நின்றான் என்று அந்தக் கேள்விகள் பிரித்துக் கேட்டன. அந்தப் பஞ்சத்தைச் சாந்திநிகேதனத்தில் ஒரு சிறுவனாகக் கண்ட அமர்த்தியா சென், சுமார் நாற்பதாண்டுகளுக்குப் பிறகு, 1981-இல் வெளிவந்த தம் நூலில், அந்தப் பழைய பதில்களை மறுபடி எடுத்து ஆராய்ந்தார். 1943-இல் வங்காளத்தில் இருந்த தானியம், பஞ்சமில்லாத 1941-இல் இருந்ததைவிடக் குறைந்ததன்று என்று கண்டார். விலை ஏறியபோது கூலி ஏறாததால், தானியம் இருந்தும் வாங்குவதற்கு வழியற்றவர்களே மடிந்தார்கள் என்று காட்டினார். மடிந்தவர்களின் எண்ணிக்கை முப்பது லட்சத்தை எட்டும் என்பது அவர் கணக்கு. விளைச்சலில் பங்கை நெல்லாகவே பெற்ற வாரக்குடியானவன் ஓரளவு தப்பினான். பணமாகக் கூலி வாங்கிய விவசாயத் தொழிலாளி விழுந்தான். பிறர் நெல்லைக் குத்திக் கொடுத்துப் பிழைத்த பெண்கள் விழுந்தார்கள். ஜப்பானியர் கைக்கு எட்டக் கூடாதென்று 1942-இல் கரையோரப் படகுகளை அரசாங்கம் பிடுங்கிக்கொண்டதால், மீனவனும் ஓடக்காரனும் எல்லோரையும்விடக் கடுமையாக விழுந்தார்கள்.